குழலைக் குறை சொல்லுமுன்...

போன இதழில் இந்தப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். இந்த முறையும் அடுக்களை சமாசாரம்தான் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். ஆனால் பாருங்கள், இந்த இரண்டு மாதமாக எங்கள் வீட்டில் அடுக்களையைவிட ஹாலில்தான் அமர்க்களம். காரணம், கிளாரினெட்!

"அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். குழந்தைக்கு வயலின், வீணை, கீபோர்டு என்று எது வாங்கப் போனாலும் எனக்கு வந்த சங்கடம் உங்களுக்கும் வரத்தான் போகிறது.

என் சின்னப் பெண் எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளிக்கூட பேண்டு வாத்தியக் குழுவில் போன வருஷம் சேர்ந்தாள். என்ன வாத்தியம் வேண்டும் என்று கேட்டதற்கு, யோசிக்காமல் "கிளாரினெட்" என்றாளாம். திருச்சிக்காரர்களுக்கு அந்தக் குழல்மேல் ஒரு பிரியம் உண்டு. ஏ.கே.சி. நடராஜன் எங்கள் ஊர்க்காரர் ஆயிற்றே! நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளை வாயால் 'கிளாரினெட் எவரெஸ்ட்' என்று பட்டம் வாங்கியவர். 2008-இல் சங்கீத கலாநிதி, 2022-இல் பத்மஸ்ரீ. வெள்ளைக்காரர் பேண்டில் இருந்த குழலைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர் மகாதேவ நட்டுவனார் சதிர்க் கச்சேரிக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். ஆக, நம் வீட்டுக்கு அது ஒன்றும் புதுப் பொருள் இல்லை.

கடையில் 14,000 ரூபாய்க்கு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். கறுப்பு பிளாஸ்டிக் உடம்பு, வெள்ளி மாதிரி மின்னும் கீக்கள், நெற்றியில் தங்க எழுத்தில் ஒரு பெயர். அந்தப் பெயரை அதற்குமுன் நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

எட்டு மாதம் ஓடிற்று. ஒரு நாள் சாயந்திரம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் பெட்டியைத் தொப்பென்று சோபாவில் போட்டாள். முகம் சிவந்திருந்தது.

"எனக்கு இது வரவே வராதும்மா. கீழ் சுரம் வாசிச்சா 'கீச்'னு கத்துது. உனக்கு மூச்சு பத்தலைன்னு மாஸ்டர் எல்லார் எதிரிலேயும் சொல்லிட்டார். என்னைக் கடைசி வரிசைக்கு மாத்திட்டார்."

அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்தில் உட்கார்த்தி வைத்து என்ன ஏது என்று கேட்டிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தினம் ஒரு மணி நேரம் சாதகம் பண்ணினால் ஏன் வராது? டி.வி. முன்னாலே உட்கார்ந்தால் வருமா?" என்றேன். அவள் ஒன்றும் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாளிலிருந்து பெட்டி திறக்கப்படவில்லை.

மாஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர் இன்னொரு தீர்ப்பும் வைத்திருந்தார். "இந்த மலிவு வாத்தியத்திலே என்னம்மா வரும்? வாங்கினால் பாரிஸ் வாத்தியம் வாங்கணும். இல்லேன்னா விட்டுடுங்க" என்றார். விலையைக் கேட்டேன். லட்சக்கணக்கில் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என் கையிலிருந்த இரண்டு வளையல்களையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அன்று இரவு தஞ்சாவூரிலிருந்து என் நாத்தனார் போன் பண்ணினாள். விஷயத்தைச் சொன்னதும், "எங்க மாமனார் வாசிச்ச கிளாரினெட் பரண்மேலே சும்மாத்தானே கிடக்கு, அண்ணி. பிரான்சு தேசத்து மர வாத்தியம். கொண்டு வரேன், வாசிச்சுப் பார்க்கட்டும். அவருக்கு ரிப்பேர் பண்ணிக் கொடுத்த பெரியவர் உங்க ஊர்லேதான், பாலக்கரைப் பக்கம் இருக்கார். முதல்லே அவரைப் பாருங்க" என்றாள்.

நாற்பது வருஷம் கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசித்தவர் அந்தப் பெரியவர். ஒரு சந்துக்குள் சின்ன வீடு. திண்ணையில் ஒரு மேஜை, அதன்மேல் திருப்புளி, கார்க், ஸ்பிரிட் விளக்கு. பெட்டியைத் திறந்ததும் குழலில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்றுதான் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் பெயர்ப் பக்கமே திரும்பவில்லை. "பாப்பா, நீ வாசி" என்றார். அவள் வாசித்தாள். மேல் சுரங்கள் ஏதோ வந்தன. கீழே இறங்க இறங்க மூச்சு முட்டியது, கடைசியில் 'கீச்'.

பெரியவர் என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க வீட்டு குக்கர்லே விசில் வரலேன்னா என்ன பண்ணுவீங்க?"

"காஸ்கெட்டைப் பார்ப்பேன், ஐயா."

"குக்கர் கம்பெனியைத் திட்ட மாட்டீங்களே? அடுப்பைக் குறை சொல்ல மாட்டீங்களே? இதுவும் அந்தக் கதைதான்!"

குழலின் மேல் பாகத்தை மட்டும் தனியே கழற்றினார். துளைகளையெல்லாம் விரலால் மூடி, அடிப்பக்கத்தை உள்ளங்கையால் அடைத்து, மேல் முனையில் வாய் வைத்துக் காற்றை உள்ளே இழுத்தார். கசிவில்லாத குழல் என்றால் காற்று வெற்றிடமாகி உதடு சில விநாடி அப்படியே ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ஒட்டவில்லை. பிறகு சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை நாடாபோல நறுக்கி, ஒவ்வொரு கீயின் அடியிலும் வைத்து, கீயை மெல்ல மூடி, காகிதத்தை இழுத்துப் பார்த்தார். எல்லா இடத்திலும் காகிதம் கொஞ்சம் பிடித்தது. பக்கவாட்டுக் கீ ஒன்றில் மட்டும் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கீயின் அடியில் வட்டமாக ஒரு மெத்தை இருக்கிறது. பேடு என்கிறார்கள். அது ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி உட்கார்ந்திருந்தது. மேலே ஓர் இடத்தில் கசிந்தால் அதற்குக் கீழேயுள்ள அத்தனை சுரமும் கெட்டுப் போகுமாம். விளக்கில் கீயைச் சுட வைத்தார். உள்ளேயிருந்த அரக்கு இளகியது. பேடைச் சமமாக உட்கார வைத்தார். கால் மணி நேர வேலை. கூலி 150 ரூபாய்.

அடுத்து ரீடைப் பார்த்தார். நாதஸ்வரத்துக்குச் சீவாளி மாதிரி கிளாரினெட்டுக்கு ரீடு. நாணல் இனத்துத் தண்டைச் சீவிச் செய்கிறார்கள். நல்ல தண்டுக்குப் பெயர் போனது பிரான்சின் தெற்குக் கடற்கரைச் சீமை. மெல்லியதிலிருந்து கெட்டியானதுவரை அதற்கு எண் உண்டு. என் பெண் வைத்திருந்தது 3. "ஆரம்பத்திலே இது கெட்டி. கத்துக்கற பிள்ளைக்கு 2, மிஞ்சிப்போனா இரண்டரை" என்று சொல்லி வேறு ரீடை மாட்டினார்.

"இப்போ வாசி, பாப்பா."

அவள் தயங்கித் தயங்கி ஊதினாள். ஒவ்வொரு விரலாக மூடிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆக அடியிலுள்ள சுரம், இத்தனை மாதமாக வராத சுரம், கணீரென்று வந்தது. அவள் வாசிப்பை நிறுத்தாமலே கண்ணை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மூச்சு பத்தாத பெண்ணா அவள்! ஓட்டைக் குழலை எட்டு மாதம் தம் பிடித்து ஊதியிருக்கிறாள்.

வரும் வழியில் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா சொன்னது தப்புடா கண்ணு" என்றேன். "பரவாயில்லைம்மா" என்றாள். ஆனால் கையை விடவில்லை.

கதை இதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மாஸ்டரின் இரண்டாவது தீர்ப்பு பாக்கி இருந்ததே! மலிவு வாத்தியமா, பாரிஸ் வாத்தியமா? என் கணவர் வேறு, "கொழந்தை ஆசையா வாசிக்கறா, கடன் வாங்கியாவது நல்லதா ஒண்ணு வாங்கிடலாம்" என்று ஆரம்பித்துவிட்டார். பெரியவரிடம் கேட்டேன். "வளையலைக் கழட்டறதுக்கு முன்னாடி கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு தடவை கேளுங்கம்மா. ஞாயித்துக்கிழமை நானே வரேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஹால் ஒரு பரீட்சை மண்டபம் ஆகிவிட்டது. மூன்று குழல்கள். ஒன்று எங்களுடையது. இரண்டாவது நாத்தனார் கொண்டு வந்த பிரெஞ்சு மரக் குழல். மூன்றாவது, பேண்டில் இருக்கும் பெரிய பையன் ஒருவனிடம் இரவல் வாங்கிய யமஹா; பிளாஸ்டிக் உடம்புள்ள மாணவர் வாத்தியம்.

பெரியவர் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். மூன்று குழலையும் முதலில் அவரே சரி பார்த்து, கசிவை அடைத்து, காய்ந்த கார்க்கை மாற்றினார். "ஒண்ணு குளிச்சிட்டு வந்து, ஒண்ணு தூங்கி எழுந்து வந்தா பெண் பார்க்கறது நியாயமா?" என்றார். மூன்றுக்கும் ஒரே மவுத்பீஸ், ஒரே ரீடு. ஏனென்றால் நாதத்தில் பெரும்பங்கு அந்த இரண்டும் வாசிப்பவர் வாயும்தான். கடையில் ஒன்றுக்கு நல்ல மவுத்பீஸும் இன்னொன்றுக்கு மட்டமான மவுத்பீஸும் மாட்டிக் காட்டினால், நாம் குழலை ஒப்பிடவில்லை, மவுத்பீஸை ஒப்பிடுகிறோம். ஒரே பாட்டு, ஒரே சத்தம். இரண்டு சாம்பாரை ருசி பார்க்கும்போது உப்பு ஒன்றாக இருந்தால்தானே பருப்பின் ருசி தெரியும்?

பெரியவர் அறைக்குள், வாசலில் படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டினோம். கல்லூரியில் பௌதிகம் படிக்கும் என் பெரியவன் சீட்டுக் குலுக்கிப் போட்டு, எந்த வரிசையில் எந்தக் குழல் என்று தீர்மானித்தான். ஒவ்வொன்றும் இரண்டு முறை, ஆக மொத்தம் ஆறு முறை. வெளியே நான், என் கணவர், நாத்தனார். ஆளுக்கொரு காகிதம். பத்துக்கு எத்தனை மார்க் என்று எழுதி முடிக்கும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. ஒருவர் "ஆகா!" என்றால் மற்றவர் காதும் "ஆகா!" என்றுதான் கேட்குமாம்!

முடிவு என்ன தெரியுமா? சிரிக்காதீர்கள். பிரெஞ்சுக் குழலுக்கு நான் முதல் முறை 8 மார்க் போட்டிருக்கிறேன். அதே குழலுக்கு இரண்டாம் முறை 5! என் கணவர் எங்கள் 14,000 ரூபாய்க் குழலை இரண்டு தடவையும் 'இதுதான் பாரிஸ்' என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருந்தார். நாத்தனார் மட்டும் தன் மாமனார் குழலை இரண்டு முறையும் சரியாகக் கண்டுபிடித்தாள். "எப்படிம்மா?" என்று ஆச்சரியப்பட்டோம். "நாதத்தைக் கேட்டு இல்லை, அண்ணி. அதிலே ஒரு கீ 'டக்'குனு சத்தம் போடும். இருபது வருஷம் காபி ஆத்திக்கிட்டே கேட்ட சத்தமாச்சே!" என்றாள். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் மாறிற்று.

பெரியவரும் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டார். "கை வெச்ச உடனே எது எதுன்னு எனக்குத் தெரிஞ்சுடும். அதனாலே நாதத்தைப் பத்தி நான் சொல்றதை நீங்க நம்பக் கூடாது." இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்!

நாங்கள் முழிப்பதைப் பார்த்து என் பெரியவன் இரண்டு விஷயம் சொன்னான். 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க விஞ்ஞானி வெள்ளி, செம்பு, மரம் மூன்றிலும் ஒரே அளவில் மூன்று புல்லாங்குழல் செய்து, மூன்றுக்கும் ஒரே மாதிரி தலைப்பாகத்தைப் பொருத்தி, பார்க்க முடியாதபடி வாசிக்க வைத்தாராம். கேட்டவர்களாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை, வாசித்தவர்களாலும் முடியவில்லை. 2010-இல் அமெரிக்காவின் இண்டியானபோலிஸ் நகரில் 21 வயலின் வித்வான்களின் கண்ணை மறைத்து, கோடி கோடியாய் விலை போகும் பழைய இத்தாலி வயலின்கள் மூன்றையும் புது வயலின்கள் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். பெரும்பாலோர் 'எனக்கு இதுதான் வேண்டும்' என்று எடுத்தது புதுசைத்தான்!

"அப்போ எல்லாம் ஒண்ணுதானா? பேரைப் பார்த்து ஏமாறுகிறோமா?" என்று கேட்டார் என் கணவர். அவர் முகத்தில் பணம் மிச்சமான சந்தோஷம்!

"அவசரப்படாதீங்க தம்பி. பரீட்சை பாதிதான் முடிஞ்சிருக்கு" என்றார் பெரியவர். காது சொன்னது பாதி. மீதியைக் கருவியும் கையும் சொல்ல வேண்டும்.

என் பெண்ணின் கையில் சுருதி காட்டும் டியூனரைக் கொடுத்தார். கிளாரினெட்டில் ஒரு விசித்திரம் உண்டு. புல்லாங்குழலிலும் நாதஸ்வரத்திலும் அழுத்தி ஊதினால் கீழ் ஸட்ஜம் மேல் ஸட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட்டில் கட்டைவிரல் கீயைத் தொட்டால், ஸட்ஜம் அதையும் தாண்டி மேல் ஸ்தாயிப் பஞ்சமத்துக்குத் தாவுகிறது. ஒரே துளை இரண்டு இடத்திலும் சுத்தமாகப் பேச வேண்டும். துளையின் இடமும் குழலின் உட்புறமும் மயிரிழை பிசகினாலும் ஒன்று சரியாக இருக்கும், ஒன்று தப்பும். செய்தவனின் திறமை தெரிவது இங்கேதான்.

எங்கள் குழலில் மூன்று சுரம் நன்றாகவே ஏறி நின்றது. யமஹாவில் எல்லாம் ஒரே சீராக இருந்தது. பிரெஞ்சுக் குழலும் சுத்தம். அதோடு ரொம்ப மெதுவாக ஊதினாலும் சட்டென்று பேசியது. அடுத்து கீக்கள். எங்கள் குழலில் ஒரு கீயைக் கட்டைவிரலால் லேசாக நெட்டினார், வளைந்துகொடுத்தது. "இது மெத்து உலோகம். பெட்டியிலே அழுத்தி வெச்சாலே வளைஞ்சிடும். வளைஞ்சா பேடு உட்காராது, மறுபடி கசியும்" என்றார். மற்ற இரண்டிலும் அசையவில்லை.

ஆக நியாயமான தீர்ப்பு இதுதான். எங்கள் குழலுக்கு நாதம் பாஸ். சுருதியில் மூன்று இடத்தில் தவறு. கீ பலவீனம். 'குப்பை' என்று மாஸ்டர் சொன்னதும் தப்பு, 'பாரிஸுக்குச் சமம்' என்று என் கணவர் சொன்னதும் தப்பு. விலை அதிகமான வாத்தியத்தில் நாம் கொடுக்கும் பணம் பெரும்பாலும் சுருதிச் சுத்தத்துக்கும், கீயின் உறுதிக்கும், வேலைப்பாட்டுக்கும் போகிறது. கேட்பவரைவிட வாசிப்பவருக்குத்தான் அது நன்றாகத் தெரியும்.

இப்போது பெயர் விஷயத்துக்கு வருகிறேன். நாம் கடையில் முதலில் பார்ப்பது அதைத்தானே?

ஒரே பெயருக்குள் பல தரம் இருக்கிறது. பஃபே கிராம்போன் 1825-இல் பாரிஸில் தொடங்கிய கம்பெனி. உலகப் பெரிய வாத்திய கோஷ்டிகளில் பலர் கையில் இருக்கும் ஆர்-13 அவர்களுடையது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பிளாஸ்டிக் உடம்பில் மலிவு வாத்தியம் செய்ததும் அதே கம்பெனிதான். முத்திரை ஒன்று என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. பட்டுக்குப் பேர்போன கடையில் வாங்கிய கைக்குட்டை பட்டாகிவிடுமா?

ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகளும் உண்டு. 1885-இல் பாரிஸில் ஆரம்பித்தது ஹென்றி செல்மர். அமெரிக்காவில் அதே செல்மர் பெயரோடு வாத்தியங்கள் செய்தது தனிக் கம்பெனி. பழைய குழலில் வெறும் 'செல்மர்' என்று பார்த்துவிட்டு 'பாரிஸ்' என்று விலை கொடுத்துவிடக் கூடாது. சில பெயர்கள் கைமாறியும் இருக்கின்றன. லெப்லாங்க் என்ற பழைய பிரெஞ்சுப் பெயர் 2004-இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் கைக்குப் போயிற்று. தாத்தா வாங்கிய லெப்லாங்கை வைத்து இன்றைய லெப்லாங்கைப் புகழவும் முடியாது, இகழவும் முடியாது. பெயரோடு மாடல் எண்ணையும், எந்த வருஷத்துச் சரக்கு என்பதையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று: என் ஒரே ஒரு குழல் கசிந்தது என்பதால் அந்தக் கம்பெனியின் எல்லாக் குழலும் ஓட்டை என்று நான் சொல்லக் கூடாது. அதனால்தான் அதன் பெயரை இங்கே எழுதவில்லை. பத்துக் குழல் பார்த்தவர் சொல்லட்டும். ஒன்று பார்த்த நான் சொல்லக் கூடாது.

"மரம் உசத்தி, பிளாஸ்டிக் மட்டம்" என்பதும் பாதி உண்மைதான். நல்ல கிளாரினெட் செய்யும் கறுப்பு மரம் ஆப்பிரிக்காவில் தான்சானியா, மொசாம்பிக் காடுகளிலிருந்து வருகிறது. நம்மூர் ஈட்டி மரத்துக்கு உறவு. கடைந்தால் மழமழவென்று வரும். ஆனால் திடீர்ச் சூடு, திடீர்க் குளிர், வறட்சி எதுவும் அதற்கு ஆகாது, வெடித்துவிடும். புது மரக் குழலை முதல் சில வாரம் தினம் கொஞ்ச நேரம் மட்டுமே வாசித்துப் பழக்க வேண்டும். சுதந்திர தினத்தன்று வெயிலில் அணிவகுத்துப் போகும் பள்ளிப் பிள்ளைக்குப் பிளாஸ்டிக்தான் சௌகரியம்.

சரி, எங்கள் வீட்டில் என்ன முடிவு செய்தோம் என்று கேட்பீர்கள். இந்த வருஷம் இதே குழல். மவுத்பீஸ் மட்டும் புதிது. யமஹாவின் 4சி என்ற சாதாரண மவுத்பீஸ், ஆரம்பப் பிள்ளைகளுக்குப் பலரும் சொல்வது. மாதம் கொஞ்சம் சேர்த்து, அடுத்த வருஷம் பேர் தெரிந்த கம்பெனியின் மாணவர் வாத்தியம் ஒன்றை இரண்டாம் கையாக, பெரியவரைக் கூட்டிப்போய்ப் பார்த்து வாங்குவதாக உத்தேசம். மரக் குழலை நாத்தனார் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். "பத்தாவது முடிக்கட்டும் அண்ணி, நானே கொண்டு வந்து கொடுக்கறேன்" என்றாள். என் வளையல் என் கையிலேயே இருக்கிறது!

மாஸ்டரையும் போய்ப் பார்த்தேன். சண்டைக்கு அல்ல. "ஐயா, ஒரு தடவை நீங்களே வாசிச்சுப் பாருங்களேன்" என்று குழலைக் கொடுத்தேன். அடிச்சுரம் வரை வாசித்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவர் எங்கே இருக்கார்?" என்று கேட்டார். அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்து, கடைசி வரிசையில் இருந்த மற்ற நான்கு பிள்ளைகளின் குழல்களையும் காட்டினார். அதில் மூன்றில் கசிவு! அந்த மூன்று பிள்ளைகளுக்கும் வீட்டில் என்ன அர்ச்சனை நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. இன்று யாரை எந்த வரிசையில் உட்கார வைப்பது என்பதைக் குழலைச் சரி பார்த்த பிறகுதான் மாஸ்டர் தீர்மானிக்கிறார்.

வாங்கப் போகும் அம்மாக்களுக்குச் சில குறிப்புகள்:

1. முன்பல் விழுந்து நிலைத்த பல் முளைத்த பிறகே ஆரம்பியுங்கள். விரல் எல்லாத் துளையையும் மூடுகிறதா என்று பாருங்கள். குழல் இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் நீளம். எடை சுமார் முக்கால் கிலோ. அவ்வளவும் வலது கட்டைவிரலில்தான் தாங்க வேண்டும். வலித்தால் கழுத்துப் பட்டை வாங்கி மாட்டலாம்.

2. உங்கள் மவுத்பீஸையும் ரீடையும் கையோடு கொண்டு போய், எல்லாக் குழலிலும் அதையே மாட்டிப் பாருங்கள். வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரைக் கூட அழைத்துப் போங்கள்.

3. விலையையும் பெயரையும் கடைசியில் கேளுங்கள். முதலில் கசிவு, பிறகு சுருதி, பிறகு கீயின் உறுதி, அதற்குப் பிறகு நாதம்.

4. ஒரே குழலை இரண்டு தடவை, வரிசை மாற்றிக் கேளுங்கள். இரண்டு தடவையும் ஒரே அபிப்பிராயம் வந்தால்தான் அது அபிப்பிராயம்.

5. உள்ளூரில் ரிப்பேர் செய்ய ஆள் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். உதிரிப் பாகம் கிடைக்காத உயர்ந்த வாத்தியத்தைவிட, கிடைக்கும் சுமாரான வாத்தியம் மேல்.

6. பழைய குழல் வாங்கினால் மவுத்பீஸை மாற்றிவிடுவது ஆரோக்கியம். ஒருவர் மவுத்பீஸை, ரீடை இன்னொருவர் வாயில் வைக்கவே கூடாது. வாசித்து முடித்ததும் குழலின் உள்ளே துணி விட்டுத் துடைத்து, ரீடைக் கழற்றி உலர வையுங்கள். ஈரத்தில் விட்டால் பூஞ்சை பிடிக்கும். மவுத்பீஸை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவலாம். கொதிநீர் வேண்டாம், உருவம் கெடும்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது ஹாலில் சாதகம் நடக்கிறது. அந்த மூன்று சுரத்தில் ஒன்று இன்னும் ஏறித்தான் நிற்கிறது. "அம்மா, இது குழல் தப்பா, என் தப்பா?" என்று அங்கிருந்தே கத்துகிறாள். முன்பானால் யோசிக்காமல் பதில் சொல்லியிருப்பேன். இப்போது, "இரு, டியூனரை எடுத்துட்டு வரேன், பார்த்துட்டுச் சொல்றேன்" என்கிறேன்.

அடுத்த இதழில் சந்திப்போம்.